வட்டவிதானையாரின் சிறுநீரகம்

கண்டாவளை,
08.01.2025

அன்புத் தங்கைச்சி சிவனேஸ்வரிக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று நாஸிம் சொல்லிவிட்டபடியால், வழக்கமாக எழுதுகிற அடுத்த வரியை எழுதாமல் விடுகிறேன். பதினொரு வருடமாக என்னோடு கதையில்லை. போனிலும் என் நம்பரை மறித்து வைத்திருக்கிறாய். நாஸிமின் லொறியை மறிக்க உன்னால் முடியாது. அவன் முல்லைத்தீவுக் கருவாட்டை இங்கே இறக்கிவிட்டு நெல் ஏற்றிக்கொண்டு போகிறவன். இந்தக் கடிதமும் அந்த நெல் மூட்டைகளோடுதான் வருகிறது.

"உங்கட தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டுதாம் ஐயா. கிழமைக்கு மூண்டு தரம் மெசின்ல ரத்தம் சுத்தம் பண்ணுறாங்களாம்" என்று அவன் சொன்னபோது என் கையில் மண்வெட்டி இருந்தது. அது நழுவி விழுந்த இடத்தில் ஒரு முழத்துக்குப் பள்ளம். நாஸிமே சாட்சி.

கேள். எனக்கு இரண்டு இருக்கிறது. அறுபத்துமூன்று வயதிலும் ஒரு நெல் மூட்டையை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் மீசையை முறுக்குகிறவன் நான். என் உடம்புக்கு ஒன்றே அதிகம். இடப்பக்கத்தை உனக்குத் தருகிறேன். வலது எனக்குப் பழகிவிட்டது.

இருபது செவ்விளநீர் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் உடம்புச் சூட்டால் வருகிறதுதான். நாளுக்கு நாலு குடி. ஒரு கிழமையில் அந்த மெசின் வெட்கப்பட்டுத் தானாக நின்றுவிடும்.

உன் அண்ணன்,
அப்புத்துரை
வட்டவிதானை, கரடிப்பற்றைக் குளம்

---

வற்றாப்பளை,
17.01.2025

கரடிப்பற்றைக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் வட்டவிதானையார் அவர்களுக்கு,

இளநீர் கிடைத்தது. பத்தொன்பதை வார்ட்டில் உள்ள நேர்ஸ்மாருக்குக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் தர்மிளா கண்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சும்மா விடுவாளா?

"இது மாமா அனுப்பினதோ, எமன் அனுப்பினதோ?" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

இளநீரில் பொட்டாசியம் என்று ஒரு உப்புச் சத்து நிறைய இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மேலதிகத்தை வெளியே தள்ளிவிடும். என்னுடையவை தள்ளாது. அது இரத்தத்தில் கூடினால் நெஞ்சு நின்றுவிடும். நீங்கள் சொன்னபடி நாளுக்கு நாலு குடித்திருந்தால் மெசின் அல்ல, நான்தான் நின்றிருப்பேன்.

உங்கள் இடப்பக்கமும் வேண்டாம், வலப்பக்கமும் வேண்டாம். 2014 சிறுபோகத்தில், அந்தக் கோடை விதைப்பில், எங்கள் நாலு ஏக்கரும் கதிர் கக்கும் நேரத்தில் குளத்தின் துருசுக் கதவைப் பூட்டித் தண்ணீரை மறித்த கை உங்களுடையது. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைவாய்க்காலில் இருந்த எங்கள் வயல் கருகியதை என் மனிசன், இவர், வரம்பில் நின்று பார்த்தார். மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார். "கூடப்பிறந்தவள் என்றும் பாராமல் முறையைக் காத்த விதானை" என்று ஊர் உங்களைப் புகழ்ந்தது. புகழாத ஆட்களிடம் நீங்களே போய்ச் சொல்லிப் புகழ வைத்தீர்கள்.

அன்றைக்குத் தராத தண்ணீருக்கு இன்றைக்குச் சதையா? நான் சாகிறதென்றால் என் சொந்தச் செலவில் சாவேன்.

சிவனேஸ்வரி குகதாசன்

---

கண்டாவளை,
22.01.2025

அன்புத் தங்கைச்சிக்கு,

நீ ஏசி எழுதிய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். எழுத்து உறுதியாக இருக்கிறது. இன்னும் முப்பது வருடம் இருப்பாய்.

நீ வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கிளினிக்குக்குப் போய்ப் பதிந்துவிட்டேன். இரத்தப் பிரிவு நம் இருவருக்கும் ஒன்றுதான். ஊசியில் வந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்த டொக்டர் கதிரையை விட்டு எழும்பி நின்றார். "ஐயா, இப்பிடிச் சிவப்பை நான் படிக்கேக்கையும் காணேல்லை" என்றார்.

அவருக்கே நான்தான் சிறுநீரகத்தை விளங்கப்படுத்தினேன். "டொக்டர், அது வேறொண்டுமில்லை, வட்டவிதானைதான். முதுகுப் பக்கம் ரெண்டு பேர் இருக்கினம். உடம்பு குளம். தண்ணி கனக்க இருந்தால் துருசைத் திறப்பினம், வத்தினால் பூட்டுவினம். ஊத்தையைக் கழிவு வாய்க்காலாலை அனுப்புவினம். சரியோ?" அவர் சிரித்துக்கொண்டு, நாளொன்றுக்கு நூற்றெண்பது லீற்றர் அளவில் அந்த இரண்டுக்குள்ளாலும் வடிகிறது என்றார். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர்ப் பரல்! என் உடம்புக்கு ஒன்றரைப் பரலாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வாங்கமாட்டேன் என்றால் போத்தலில் போட்டு உன் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். பிறகு நாய் பூனை கொண்டுபோனால் நான் பொறுப்பில்லை.

அண்ணன்,
அப்புத்துரை

---

வற்றாப்பளை,
03.02.2025

வட்டவிதானையாருக்கு,

நீங்கள் டொக்டருக்குப் படிப்பித்தது பிழை. தர்மிளா எனக்குப் படம் கீறிக் காட்டியதை உங்களுக்கு எழுதுகிறேன், பிழையான பாடத்தை ஊர் முழுக்கப் பரப்பவேண்டாம்.

சிறுநீரகத்தின் பெரிய வேலை மறிப்பது அல்ல, திருப்பிக் கொடுப்பது. இரத்தத்தில் உள்ள தண்ணீரையும் உப்பையும் சர்க்கரையையும் கழிவையும் முதலில் ஒன்றாக வடிய விடுகிறது. பிறகு மெல்லிய குழாய்களில் இருந்துகொண்டு, உடம்புக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து இரத்தத்துக்கே கொடுக்கிறது. நூற்றெண்பது லீற்றரில் நூற்றெழுபத்தெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். மிச்சம் இரண்டு லீற்றர்தான் ஊத்தையைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. வெயிலில் நின்று தண்ணீர் குறைந்தால் மூளை சொல்லி அனுப்பும், இன்னும் கூடத் திருப்பிக் கொடுக்கும். அப்போதுதான் சலம் மஞ்சளாகக் கடுத்துப் போகிறது. வயலில் நிற்கிற உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

எனக்குள் இருக்கிறவை திருப்பியும் கொடுப்பதில்லை, கழித்தும் விடுவதில்லை. குடித்தது எல்லாம் காலிலும் நெஞ்சிலும் தேங்கி நிற்கிறது. நாலு மணித்தியாலம் மெசினில் கிடந்தால் இரண்டரைக் கிலோ குறைந்து எழும்புகிறேன். நாளுக்கு முக்கால் லீற்றர்தான் என் பங்கு. போத்தலில் தர்மிளா கோடு கீறி வைத்திருக்கிறாள். சோற்றோடு வருகிற சொதியும் அதற்குள் அடக்கம். இந்த வெயிலில் ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி இருக்கிறேன். கண்ணகி அம்மனுக்கு உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிற ஊர் இது. என் உடம்பும் இப்போது உப்புத் தண்ணீர்தான். நானும் எரிந்துகொண்டுதான் இருப்பேன், லேசில் அணையமாட்டேன்.

ஆனால் ஒன்று. தர்மிளா தன்னுடையதைத் தரப்போகிறேன் என்று நிற்கிறாள். அவளுடைய பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. "மாமா பொருந்தினால் நான் விலகுறன், இல்லாட்டி என்னை ஒருத்தரும் மறிக்கேலாது" என்கிறாள். என்னுடைய பிடிவாதம்தான் அவளுக்கும்.

ஆகவே சோதனைகளைச் செய்யுங்கள். அது உங்களுக்காக அல்ல, மன்னித்தேன் என்றும் அர்த்தம் இல்லை. அவளை மறிக்க எனக்கு வேறு வழியில்லை.

சிவனேஸ்வரி

---

கண்டாவளை,
19.02.2025

அன்புத் தங்கைச்சிக்கு,

வெற்றி! தர்மிளாவிடம் சொல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும்.

இரத்தம் கொடுத்தாயிற்று. ஸ்கானும் எடுத்தாயிற்று. ஸ்கான் எடுத்த பெட்டை என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இருபது வயசுப் பொடியன்ரை மாதிரிக் கிடக்கு" என்றாள். பிறகு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கானைத் தந்தார்கள். காலையில் இருந்து அடுத்த நாள் காலை வரைக்கும் போகிற சலம் முழுவதையும் அதற்குள் சேர்க்க வேண்டுமாம். "ஒண்டரை, ரெண்டு லீற்றர் வரும் ஐயா" என்றாள் நேர்ஸ்.

ஒன்றரையா? நான் ஆர்? கரடிப்பற்றைக் குளத்தையே இருபத்திரண்டு வருடமாகக் கையில் வைத்திருக்கிறவன். ஐந்து லீற்றர்! கான் வாய் முட்டிவிட்டது. மூடியை இறுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். பக்கத்தில் மற்ற ஆட்களுடைய கான்கள் அரைவாசியோடு தலைகுனிந்து நின்றன.

வருகிற செவ்வாய்க்கிழமை முடிவு சொல்லுகிறார்களாம். உன் பக்கத்து ஆளையும் கூட்டிவரச் சொன்னார்கள். தர்மிளாவை அனுப்பு. மாமனுக்குக் கிடைக்கிற மரியாதையை அவளும் பார்க்கட்டும்.

அண்ணன்,
அப்புத்துரை

---

வற்றாப்பளை,
27.02.2025

வட்டவிதானையாருக்கு,

உங்களுக்குக் கிடைத்த மரியாதையைத் தர்மிளா வந்து சொன்னாள். நேர்ஸ் போன கிழமையே கானைத் திறந்து பார்த்ததையும், உள்ளே மூன்று நுளம்புக் குடம்பிகள் புழுப்போல நெளிந்ததையும் சொன்னாள்.

"ஐயா, உங்கட சலத்துக்குள்ளை நுளம்பு பெருகுது. சுகாதாரக் கந்தோர் பீ.எச்.ஐ.யைக் கூப்பிடவோ?" என்று கேட்டாளாம். நீங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம்.

தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறீர்கள்! ஒரு மனிதன் தன் சலத்தையும் கூட்டிக் காட்டுவான் என்று உலகத்தில் ஆர் நினைப்பார்கள்? அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடமாக என் வாய்க்குள் கிடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன்.

2014 சிறுபோகக் கூட்டத்தில் எழும்பி நின்று, "குளத்திலை பதினொரு அடி தண்ணி. அறுபது ஏக்கர் விதைக்கலாம். அப்புத்துரை சொல்லுறன்" என்றீர்கள். அன்று காலையில்தான் இவர் சைக்கிளில் போய்க் குளத்து அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஒன்பதடிதான் நிக்குது சிவனேஸ். நாங்கள் கடைவாய்க்கால், இந்தமுறை விதைக்காமல் விடுவம்" என்றார். நான் அவரை ஏசினேன். "என்ர அண்ணை பொய் சொல்லுவாரோ? உங்கட கண்தான் மங்கிப் போச்சு" என்றேன். என் வாய்க்குப் பயந்துதான் அந்த மனிசன் விதைத்தார்.

நீங்கள் துருசைப் பூட்டியது நீதிக்காக என்று ஊர் நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், அது லேசாக இருந்தது. அன்றைக்கும் நீங்கள் இரண்டடி அள்ளி ஊற்றினீர்களா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். மீசை, மூட்டை, டொக்டர் எழும்பி நின்ற கதை ஒன்றும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை உங்களைத் தனியே கூப்பிட்டு டொக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். மாமா வெளியே வந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்று தர்மிளா சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சிவனேஸ்வரி

---

கண்டாவளை,
05.03.2025

சிவனேசுக்கு,

ஓம்.

ஒன்பதடி இரண்டு அங்குலம். நான்தான் பார்த்தேன். கூட்டத்தில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது என்று சொன்னால் நாற்பது ஏக்கர்தான் விதைக்கலாம், இருபது ஏக்கர்க்காரரின் முகம் வாடும். மழை வரும், நிரம்பும் என்று நினைத்துப் பதினொன்று என்றேன். மழை வரவில்லை. பிறகு துருசைப் பூட்ட வேண்டியதாகிவிட்டது. அதற்கு நீதி என்று பெயர் வைத்தவனும் நான்தான். குகதாசன் ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனோடும் சண்டை பிடித்திருப்பேன்.

கானில் என்னுடையது முக்கால் லீற்றர்கூட இல்லை. ஒரு வருடமாகவே குறைவு. கனக்க நுரைக்கிறது. நுரைத்தால் சத்து என்று சிநேகிதன் யோகநாதனிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னேரத்தில் கால் வீங்குகிறது. பகல் முழுக்க வயலில் தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு, இரவில் மேல்வலிக் குளிசை இரண்டு போட்டுக்கொண்டு படுக்கிறவன் நான்.

டொக்டர் சொன்னது இது. என் இரண்டும் சேர்ந்தே நூற்றுக்கு நாற்பத்தொன்று அளவில்தான் வேலை செய்கின்றன. இரண்டாந்தரம் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்தேன், ஒரு சொட்டும் கூட்டவில்லை. அதிலும் நாற்பத்தொன்றுதான். கொடுக்க முடியாது. கொடுத்தால் இரண்டு பேரும் உன் மெசினுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதானாம்.

எனக்குத் தர ஒன்றுமில்லை தங்கைச்சி.

அப்புத்துரை

---

வற்றாப்பளை,
14.03.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதங்களிலேயே சின்னது இதுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதும் புளுகு இருக்கிறதா என்று.

அழுதேன், மறைக்கவில்லை. அழுகிற தண்ணீரை நேர்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

தர்மிளாவிடம் இன்னும் வாங்கமாட்டேன். "அம்மா சாகப்போறா எண்டு எழுதித் தாங்கோ, பிறகு நான் கேக்கமாட்டன்" என்று கத்துகிறாள். "சாகமாட்டன் எண்டு எழுதித் தாறன், கையெழுத்து எங்கை வைக்கிறது?" என்றேன். மூன்று நாளாக இரண்டு பேரும் கதையில்லை. சிறுநீரகம் வேண்டிக் காத்திருக்கிற ஆட்களின் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறேன். அதுவரைக்கும் மெசின் இருக்கிறது. கிழமைக்கு மூன்று தரம் பஸ்ஸில் ஏறிப் போய்ப் படுத்து எழும்ப இன்னும் எனக்குத் தைரியம் இருக்கிறது.

தர ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. இந்த மாதம் 29ஆம் திகதி சிறுபோகக் கூட்டம் என்று நாஸிம் சொன்னான். எழும்பி நின்று இந்தமுறை அளவைச் சரியாகச் சொல்லுங்கோ. பிறகு 2014 இன் அளவையும் சொல்லுங்கோ. இவரின் கண் மங்கவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கோ. நான் அந்த மனிசனிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பு அது ஒன்றுதான்.

துருசைப் பூட்டுகிற திறப்பை உங்களிடமிருந்து பறித்தால் பறிக்கட்டும்.

சிவனேஸ்

---

கண்டாவளை,
30.03.2025

அன்புத் தங்கைச்சிக்கு,

கூட்டத்துக்கு முன்னூறு பேர் வந்தார்கள். பொறு, வெட்டுகிறேன். நாற்பத்திரண்டு பேர். எண்ணினேன்.

காலையில் கமக்காரன் வீரகத்தியையும் கூட்டிக்கொண்டு போய் அளவைப் பார்த்தேன். பத்தடி மூன்று அங்குலம். அவனையே வாசிக்கச் சொன்னேன். கூட்டத்தில் எழும்பி அதைச் சொன்னேன். "நாப்பத்தஞ்சு ஏக்கருக்கு மேலை விதைக்கேலாது" என்றதும் சலசலப்பு. அந்தச் சலசலப்புக்குள்ளேயே மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"2014இல நிண்டது ஒன்பதடி ரெண்டு அங்குலம். நான் பதினொண்டு எண்டு சொன்னனான். குகதாசன் சரியாப் பாத்தவன். அவன்ரை கண்ணிலை ஒரு பழுதும் இல்லை. பழுது என்ரை வாயிலை."

பரமலிங்கம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். "இதைச் சொல்லப் பதினொரு வருசமோ? அண்டைக்கு என்ரை மூண்டு ஏக்கரும் எரிஞ்சது. அதுக்குப் பிறகு ரெண்டு பொங்கலுக்கு உனக்கு வேட்டி எடுத்துத் தந்தனான், நீதிமான் எண்டு!"

"வேட்டி ரெண்டும் அலுமாரிக்குள்ளை கிடக்கு, கொண்டு வரட்டோ?" என்றேன். சிரித்தது யோகநாதன் ஒருவன்தான். திறப்பை எடுத்து மேசையில் போட்டேன். "என்னை விலத்திறதெண்டால் விலத்துங்கோ. நான் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டன்."

வீரகத்தி அந்தத் திறப்பைக் கையில் எடுத்தான். அவனுடைய வயலும் அந்த வருடம் கருகிப் போனதுதான். கடைசியில் என் பக்கம் தள்ளிவிட்டான். "துருசை உன்னைவிட ஒருத்தருக்கும் தெரியாது. திறப்பை வைச்சிரு. ஆனால் அளவு இனி நான்தான் பாப்பன். நீ வாய் திறக்கக்கூடாது." எல்லாரும் ஓம் என்றார்கள். பரமலிங்கம் மட்டும் இன்னும் என்னோடு கதையில்லை. வீட்டு வாசலால் போகும்போது காறித் துப்புகிறான். துப்பட்டும்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். இந்தச் சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் கடைவாய்க்காலில் இருந்து தொடங்கும். மேல்வாய்க்கால்காரர் ஏசுகிறார்கள். ஏசி முடியட்டும்.

சிறுநீரகத்துக்குக் கூடாதாம் என்றபடியால் மேல்வலிக் குளிசையை நிறுத்திவிட்டேன். வயலுக்குப் போனாலும் நாளுக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். எனக்கு மறந்து போகிறது. உண்மையில் மறக்கவில்லை. நீ ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருப்பாய் என்று நினைத்தால் செம்பு வாய்க்குப் போகிறதில்லை.

அண்ணன்,
அப்புத்துரை

---

வற்றாப்பளை,
04.04.2025

அண்ணைக்கு,

கடிதத்தை இவரின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன். தர்மிளா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிறகு குசினிக்குள் போய் எனக்கு உப்பில்லாத சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அது எங்கள் வீட்டில் சமாதானம். சிறுநீரகக் கதையை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் இருக்கிறது.

செம்பு வாய்க்குப் போகவில்லையாம்! பரிதாபம் பார்த்து என்னோடு சேர்ந்து காயப் போகிறீர்களோ? அதுக்கு நான் சம்மதிக்கமாட்டன். எனக்குத் தண்ணீர் இல்லை என்பதற்காக உங்கள் நாற்பத்தொன்றை நாற்பதாக்க ஒருவருக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

நாஸிமிடம் ஒரு பெரிய போத்தல் குடுத்து விட்டிருக்கிறன். இரண்டு லீற்றர். என்னுடையதில் இருப்பது போலவே அதிலும் நானே கோடு கீறியிருக்கிறன், வெயில் ஏறமுதல் ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. நான் குடிக்க ஆசைப்பட்டும் குடிக்க முடியாமல் கிடக்கிற தண்ணீர் அது. என்ர பங்கு. அதை உங்கட பக்கம் திறந்து விட்டிருக்கிறன். டொக்டர் சொன்னதில் மிச்சம் அரை லீற்றரை உங்கட சொந்தக் கணக்கில் குடியுங்கோ.

வைகாசிப் பொங்கலுக்கு நீங்கள் இஞ்சை வரவேணும். மெசின் இல்லாத நாள் பார்த்துத்தான் கோயிலுக்குப் போவன். நடந்து போவன். நீங்களும் கூட நடக்கவேணும், கால் வீங்கியிருக்கக்கூடாது.

ஒவ்வொரு நாளும் எவ்வளவு குடிச்சனீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோ. அரைக் கோடு எண்டால் அரைக் கோடு. நாஸிமைக் கேட்டு நான் பாப்பன்.

தங்கைச்சி,
சிவனேஸ்